அண்ணனைக் கேளுங்க: இந்த மாசம் முழுக்க ஜிம் ரீவ்ஸ்

போன இதழ்ல நானுஓயா வாசகர் ஒருத்தர், நத்தாருக்கு வீட்டுல போட ஒரு நல்ல இங்கிலிஷ் பாட்டு தொகுப்பு சொல்லுங்கன்னு கேட்டிருந்தாரு. நானும் அமெரிக்க கன்ட்ரி பாட்டுக்காரர் ஜிம் ரீவ்ஸோட கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் ஒன்னு எடுத்துக்கங்க, ஆனா எதுன்னு பாத்து எடுங்கன்னு ரெண்டே வரியில முடிச்சிட்டேன். அந்த "பாத்து எடுங்க"தான் வினையாப் போச்சு, பதுளையில இருந்து மஸ்கெலியா வரைக்கும் ஆளாளுக்கு கடிதம், வாட்ஸ்அப், ஒருத்தர் வொய்ஸ் மெசேஜ்ல பாடியே அனுப்பியிருக்காரு (சுருதி பரவால்ல அண்ணே). அதனால இந்த தடவ இபிஎஃப் கேள்வி, ரோஜாச்செடி கேள்வி எல்லாம் அடுத்த மாசத்துக்கு தள்ளி வச்சாச்சு, கோவிச்சுக்காதீங்க.

கே: அண்ணே, அப்பா வச்சிருந்த ஜிம் ரீவ்ஸ் கெசட்ல ஒரு பக்கம் "மெக்சிகன் ஜோ", "பிம்போ"ன்னு துள்ளல் பாட்டா இருக்கு, குரலும் மேல நிக்குது. திருப்பிப் போட்டா "ஹீல் ஹேவ் டு கோ", அதுல குரல் அப்படியே அடியில கெடக்கு. ரெண்டும் ஒரே ஆள்தானா, இல்ல கெசட் அடிச்சவன் வேற யாரையாவது சேத்து விட்டுட்டானா?
- வாசகி, பண்டாரவளை

ப: ஒரே ஆள்தான் தங்கச்சி, ஆனா உங்க காது சரியாத்தான் புடிச்சிருக்கு. "மெக்சிகன் ஜோ" 1953ல வந்தது, அபோட்னு ஒரு சின்ன கம்பெனி போட்ட ரெக்கோட். அந்த காலத்து கன்ட்ரி பாட்டுன்னா, அதாவது அமெரிக்க நாட்டுப்புறத்து பாட்டுன்னா, பிடில், ஸ்டீல் கிட்டார், தொண்டைய தெறந்து பாடணும், கடைசி பெஞ்சுல குடிச்சிட்டு இருக்குறவனுக்கும் கேக்கணும், அவ்வளவுதான் கணக்கு. இவரும் அப்படித்தான் பாடினாரு, பாட்டு அமெரிக்க கன்ட்ரி பட்டியல்ல முதல் இடத்துக்கே போச்சு, பின்னால வந்த "பிம்போ"வும் அப்படித்தான்.

1955ல ஆர்சிஏ விக்டர்ங்கிற பெரிய கம்பெனிக்கு மாறுனாரு. அங்க தயாரிப்பாளர் செட் அட்கின்ஸ், அவரே பெரிய கிட்டார்காரர். 1957ல "ஃபோர் வால்ஸ்"னு ஒரு பாட்டு கைக்கு வருது, அட்கின்ஸ் இது பொம்பளைங்க பாட வேண்டிய பாட்டுன்னு நெனச்சாராம், ஜிம் ரீவ்ஸ் விடல, நான்தான் பாடுவேன்னு நின்னு பாடியிருக்காரு. அதுவும் எப்படி, மைக்குக்கு பக்கத்துல வாய வச்சு, கத்தாம, காதுக்குள்ள பேசுற மாதிரி. கன்ட்ரியில முதல் இடம், பொதுப் பாட்டு பட்டியல்ல 11ஆவது இடம் வரைக்கும் போச்சு. அதுக்கப்புறம் மனுஷன் பழைய தொண்டைக்கு திரும்பல. பிடில், ஸ்டீல் கிட்டார் எல்லாம் ஓரமாப் போயி, பின்னால மெதுவா கோரஸ், பியானோ, வயலின் கூட்டம்னு வந்துருச்சு, இதத்தான் நாஷ்வில்ங்கிற ஊர் பேர வச்சு நாஷ்வில் சவுண்டுன்னு சொல்றாங்க. பழைய கன்ட்ரி ஆட்கள் சில பேர் இன்னமும் இத மன்னிக்கல, சீனி போட்டு கெடுத்துட்டாங்கன்னு சொல்றாங்க. நான் அந்தப் பக்கம் இல்ல.

"ஹீல் ஹேவ் டு கோ" 1959 ஒக்டோபர்ல பதிவானது. ஜோ அலிசன், ஆட்ரி அலிசன்னு புருஷன் பொண்டாட்டி சேந்து எழுதுன பாட்டு. ஆட்ரிக்கு போன்ல ரொம்ப மெல்லமாத்தான் பேச வருமாம், ரிசீவர வாய்க்கு கிட்ட வச்சு பேசும்மான்னு புருஷன் சொல்லிக்கிட்டே இருப்பாராம், அதுல இருந்து பொறந்தது. பாட்டுல ஒருத்தன் பார்ல இருந்து காதலிக்கு போன் போடுறான், அங்க அவ பக்கத்துல வேற ஒருத்தன் இருக்கான்னு இவனுக்கு தெரியுது, இப்ப நீ முடிவு சொல்லுங்குறான். அவ்வளவுதான் கதை. சண்டை இல்ல, அழுக இல்ல. ஆரம்பத்துல கிணுகிணுன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அது வைப்ரஃபோன், உலோகப் பட்டைங்கள தட்டி வாசிக்கிற வாத்தியம், கன்ட்ரி பாட்டுல அத கொண்டு வந்து வைக்கணும்னா ஒரு துணிச்சல் வேணும். இதுல வேடிக்க என்னன்னா கம்பெனி இந்தப் பாட்ட ரெக்கோடோட பின்பக்கத்துலதான் போட்டிருந்துச்சு. முன்பக்கத்துல இருந்த பாட்டு "இன் எ மேன்ஷன் ஸ்டாண்ட்ஸ் மை லவ்", இன்னைக்கு அது யாருக்கு ஞாபகம் இருக்கு? ரேடியோக்காரங்க திருப்பிப் போட, 1960ல கன்ட்ரி பட்டியல்ல 14 வாரம் முதல் இடம், பொதுப் பட்டியல்ல 2ஆவது இடம். இத முதல்ல பாடுனது பில்லி பிரவுன்னு ஒருத்தர், அவருக்கு ஓடல. அதே வருஷம் ஜீன் பிளாக்னு ஒரு பொண்ணு, போன் எடுத்தவ பக்கத்து பதிலா "ஹீல் ஹேவ் டு ஸ்டே"ன்னு பாடி அதுவும் ஹிட் ஆயிருச்சு.

ஆக உங்க அப்பாவோட கெசட்ல ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல ஆறு வருஷம் இருக்கு. அட்டையில வருஷம் போடாம விட்டதுதான் குழப்பம். ஹிட்ஸ் தொகுப்புங்களோட பெரிய கோளாறே இதுதான், எந்தப் பாட்டு எப்ப பாடுனதுன்னு ஒரு வரி போட்டா என்ன கொறஞ்சிருமோ தெரியல.

கே: ஜிம் ரீவ்ஸ் நெசமாவே மாடு மேச்சவரா? தொப்பி போட்ட படம் பாத்தேன்.
- தம்பி, வட்டவளை

ப: டெக்சாஸ்ல கலவேங்கிற சின்ன ஊர்ல 1923ல பொறந்தவரு, பேஸ்போல் ஆடி அதுலதான் பொழைக்கணும்னு இருந்தாரு. அடிபட்டு அது போச்சு. அப்புறம் ரேடியோ அறிவிப்பாளர். ஷ்ரீவ்போர்ட்ல ஒரு ஸ்டேஷன்ல செய்தி, பாட்டு எல்லாம் அறிவிச்சிட்டு இருந்த ஆள். ஒவ்வொரு சொல்லும் முழுசா வெளியில வர்றது அந்த தொழில்ல வந்த பழக்கம்னுதான் நான் நெனைக்கிறேன். இங்கிலிஷ் அரகொறையா தெரிஞ்ச நம்மளுக்கே அவர் பாட்டு முக்காவாசி புரியுதே, எல்விஸ் பாட்டுல அந்த வசதி உண்டா? பின்னால கோட்டு சூட்டுலதான் மேடையேறுனாரு, தொப்பி சும்மா படத்துக்கு.

கே: அவர் யுத்தத்துல பிளேன் ஓட்டி செத்தாருன்னு எங்க பெரியப்பா சொல்றாரு. "டிஸ்டன்ட் ட்ரம்ஸ்" பாட்டும் யுத்தத்தப் பத்தித்தானே? சாகப்போறது தெரிஞ்சு பாடுனாராமே?
- வாசகர், நோர்வூட்

ப: பெரியப்பா கிட்ட மெதுவா சொல்லுங்க, பிளேன் சரி, யுத்தம் இல்ல. 1964 ஜூலை 31. ஆர்கன்சாஸ்ல பேட்ஸ்வில்ங்கிற ஊர்ல இருந்து நாஷ்விலுக்கு திரும்பி வாறாரு, ஒரு எஞ்சின் இருக்குற பீச்கிராஃப்ட் டெபனேர், அவரேதான் ஓட்டுறாரு, கூட அவரோட பியானோக்காரர் டீன் மேனுவல். நாஷ்வில் கிட்ட வரும்போது இடிமழைக்குள்ள மாட்டிக்கிட்டு பிரென்ட்வுட் பக்கத்து காட்டுக்குள்ள விழுந்துட்டாங்க. ரெண்டு நாள் தேடி ஓகஸ்ட் 2ஆம் தேதிதான் கண்டுபிடிச்சாங்க. வயசு 40தான், அடுத்த மாசம் 41 ஆகியிருக்கும். டெக்சாஸ்ல கார்த்தேஜ் ஊருக்கு பக்கத்துல புதைச்சிருக்காங்க.

"டிஸ்டன்ட் ட்ரம்ஸ்" யுத்தத்துக்கு போகப்போறவன் கல்யாணம் கேக்குற பாட்டுதான், சிண்டி வாக்கர்னு ஒரு அம்மா எழுதுனது. ஆனா அவரு அத வெளியிடுறதுக்காக பாடவே இல்ல, மாதிரிக்கு சும்மா பாடி வச்ச டேப். அவர் போன பிறகு அந்த டேப்ப எடுத்து அதுக்கு மேல ஓர்கெஸ்ட்ரா வாசிச்சு சேத்து 1966ல விட்டாங்க. பீட்டில்ஸ் கொடிகட்டிப் பறந்த இங்கிலாந்துல அஞ்சு வாரம் முதல் இடம். சாவு தெரிஞ்சு பாடுனாருங்கிறது எல்லாம் பிற்பாடு நம்ம ஆளுங்க கட்டுன கதை.

இன்னொரு கணக்கு சொல்றேன், அத கேட்டா ஹிட்ஸ் தொகுப்பு எல்லாத்தையும் வேற மாதிரி கேப்பீங்க. உயிரோட இருக்கும்போது அமெரிக்க கன்ட்ரி பட்டியல்ல அவர் முதல் இடம் புடிச்சது 5 பாட்டு: "மெக்சிகன் ஜோ", "பிம்போ", "ஃபோர் வால்ஸ்", "பில்லி பாயு", "ஹீல் ஹேவ் டு கோ". செத்த பிறகு புடிச்சது 6. "ஐ கெஸ் ஐம் கிரேஸி" அவர் இருக்கும்போதே வந்திருந்துச்சு, உச்சிக்கு ஏறுனது போன பிறகு, அப்புறம் "திஸ் இஸ் இட்", "இஸ் இட் ரியலி ஓவர்", "டிஸ்டன்ட் ட்ரம்ஸ்", "புளூ சைட் ஆஃப் லோன்சம்", கடைசியா 1967ல "ஐ வோன்ட் கம் இன் வைல் ஹீஸ் தேர்". அவரோட சம்சாரம் மேரி ரீவ்ஸ் பழைய டேப்புகள பொத்திப் பொத்தி வச்சு வருஷாவருஷம் கொஞ்சம் கொஞ்சமா விட்டாங்க. வியாபாரம்னு சொல்றவங்க சொல்லட்டும், அந்தம்மா இல்லாட்டி நம்ம பக்கத்துக்கு இவ்வளவு பாட்டு வந்திருக்காது.

கே: ஜிம் ரீவ்ஸும் பேட்சி கிளைனும் புருஷன் பொண்டாட்டியா? சேந்து பாடுன பாட்டு ஒன்னு யூடியூப்ல கேட்டேன், அவ்வளவு உருக்கம்.
- வாசகி, ராகல

ப: இல்ல. அதவிட, ரெண்டு பேரும் சேந்து ஒரு பாட்டு கூட பதிவு பண்ணல. பேட்சி கிளைனும் கன்ட்ரி பாட்டுக்காரங்கதான், 1963 மார்ச்ல பிளேன் விழுந்து போனவங்க, இவர் அடுத்த வருஷம் அதே மாதிரி. நீங்க கேட்டது "ஹேவ் யூ எவர் பீன் லோன்லி"ன்னா அது ரெண்டு பேரோட தனித்தனி பதிவுகள்ல இருந்து குரல மட்டும் பிரிச்செடுத்து, புதுசா வாத்தியம் வாசிச்சு 1981ல ஒட்டுனது. ரெண்டு பேரும் போயி 17 வருஷத்துக்கு மேல ஆயிருச்சு அப்ப. அந்த வருஷம் ரெண்டு பேர் பேர்லயும் ஒரு கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் ரெக்கோடே வந்துச்சு. வேல சுத்தமா செஞ்சிருக்காங்க, ஒட்டு தெரியாது. எனக்கு என்னமோ அத கேக்குறப்ப ஒரு மாதிரி கூச்சமா இருக்கும், கேட்டு ரசிக்கிறவங்கள குத்தம் சொல்ல மாட்டேன்.

கே: ஜிம் ரீவ்ஸா, கென்னி ரோஜர்ஸா?
- வாசகர், லிந்துல

ப: கல்யாண வீட்டு செட்டுக்கு கென்னி ரோஜர்ஸ். மத்த எல்லாத்துக்கும் ரீவ்ஸ்.

கே: அண்ணே, நீங்க சொன்ன "பாத்து எடுங்க"ன்னா என்ன பாக்கணும்? கடையில "பெஸ்ட் ஆஃப்", "கோல்டன்", "எசென்ஷியல்", "வெரி பெஸ்ட்"னு பத்து பதினஞ்சு சிடி, பென்டிரைவ்ல 200 பாட்டுன்னு வேற விக்கிறாங்க. எங்க ஸ்கூல் நத்தார் விழாவுக்கும் வேணும்.
- டீச்சர், தலவாக்கலை

ப: டீச்சர், முதல்ல பேர பாக்காதீங்க, பாட்டு பட்டியல பாருங்க. ஆர்சிஏ 1964லேயே "தி பெஸ்ட் ஒஃப் ஜிம் ரீவ்ஸ்"னு ஒரு எல்பி போட்டுச்சு, "ஹீல் ஹேவ் டு கோ", "ஃபோர் வால்ஸ்", "பில்லி பாயு", "அடியோஸ் அமிகோ" எல்லாம் அதுல. அளவான ரெக்கோட், ஆனா பின்னால வந்த பெரிய பாட்டுங்க அதுல எப்படி இருக்கும்? 1975ல இங்கிலாந்துல "40 கோல்டன் கிரேட்ஸ்"னு ஒன்னு வந்து அங்க எல்பி பட்டியல்ல முதல் இடத்துக்கே போச்சு, செத்து 11 வருஷம் கழிச்சு. 40 பாட்டுல எல்லாம் கெடைக்கும், ஆனா ஒரே மூச்சுல கேட்டா தூக்கம் வரும், அத கீழ சொல்றேன்.

நான் பாக்குறது இதுதான்: பட்டியல்ல "ஃபோர் வால்ஸ்", "ஹீல் ஹேவ் டு கோ", "ஆம் ஐ லூசிங் யூ", "ஐ லவ் யூ பிகோஸ்", "வெல்கம் டு மை வேர்ல்ட்", "டிஸ்டன்ட் ட்ரம்ஸ்" ஆறும் இருக்கணும், அதோட பழைய துள்ளல் பாட்டு ஒன்னாவது இருக்கணும், ஏன்னா அது இல்லாட்டி மனுஷன் எங்க இருந்து வந்தாருன்னே தெரியாது. அட்டையோட பின்பக்கத்துல சின்ன எழுத்துல ஆர்சிஏன்னு இருக்கான்னு பாருங்க. "ட்ரிபியூட்"னு எங்கயாவது ஒளிச்சு போட்டிருந்தா அது வேற ஆள் பாடுனது, படம் மட்டும்தான் ரீவ்ஸ். பென்டிரைவ் 200 பாட்டுல அதுதான் பிரச்சினை, ஒரே பாட்டு மூனு தடவ வரும், ஒன்னு ஒரிஜினல், ஒன்னு பின்னால வயலின் ஏத்துனது, ஒன்னு யாரோ நகல் எடுத்து பாடுனது. அவர் போன பிறகு நெறைய பாட்டுக்கு புதுசா வாத்தியம் ஏத்துனாங்க டீச்சர், அதனால வீட்டுல யாராவது "எனக்கு ஞாபகம் இருக்குற பாட்டு இப்படி இல்லையே"ன்னு சொன்னா அவர் சொல்றது சரியாக்கூட இருக்கலாம்.

நத்தார் விழாவுக்கு ஹிட்ஸ் தொகுப்பே வேணாம். 1963ல வந்த "ட்வெல்வ் சோங்ஸ் ஒஃப் கிறிஸ்மஸ்" தனியா எடுங்க, "சில்வர் பெல்ஸ்", "ஆன் ஓல்ட் கிறிஸ்மஸ் கார்ட்", "மேரிஸ் பாய் சைல்ட்" எல்லாம் அதுக்குள்ள. பிள்ளைங்களுக்கு "செனோர் சான்டா கிளாஸ்" புடிக்கும், ஆட்டம் போட வசதியான பாட்டு.

கே: நம்ம மலைநாட்டுல மட்டும் ஏன் இவருக்கு இவ்வளவு கிராக்கி? அமெரிக்காக்காரனே மறந்துட்டான்னு என் மகன் சொல்றான்.
- வாசகர், ஹட்டன்

ப: மலைநாட்டுல மட்டும் இல்ல, நீர்கொழும்புலயும் அப்படித்தான், தென்னாபிரிக்கா, அயர்லாந்து, நோர்வே, இந்தியான்னு அமெரிக்காவுக்கு வெளியில அவருக்கு பெரிய ராஜ்யம் உண்டு. தென்னாபிரிக்காவுல ஆஃப்ரிகான்ஸ் மொழியிலயே பாடி, "கிம்பர்லி ஜிம்"னு ஒரு படத்துலயும் நடிச்சாரு. அமெரிக்காக்காரன் மறக்கல, 1967லேயே கன்ட்ரி இசை ஹோல் ஒஃப் ஃபேம்ல சேத்தாச்சு, மகன் கிட்ட சொல்லுங்க.

நம்ம பக்கத்துக்கு வந்த வழி ரெண்டு மூனு இருக்கு. இலங்கை வானொலியோட இங்கிலிஷ் சேவை அந்த காலத்துல இந்தப் பாட்டுங்கள விடாம போட்டுச்சு. பங்களாவுல தொரைமாருக்கு ரேடியோகிராம் இருந்துச்சு, அங்க வேல செஞ்ச அப்புமார், தோட்டத்து கிளாக்கர், டீ மேக்கர், கண்டக்டர் ஐயாமார் வீடுங்க வழியா பாட்டு கீழ எறங்குச்சு. லயத்துக்கு கரண்ட் வந்தது எவ்வளவு பிந்தின்னு உங்களுக்கே தெரியும், பெட்டரி ரேடியோதான், பெட்டரி தீந்தா அடுப்புக்கு பக்கத்துல வச்சு சூடாக்கி இன்னும் ஒரு மணித்தியாலம் ஓட்டுற ஆட்கள் இருந்தாங்க. 1977க்கு அப்புறம் எறக்குமதி தெறந்து விட்டதும் கெசட் பிளேயர் வந்துச்சு, அப்பதான் ரீவ்ஸ் தோட்டத்துக்குள்ள நெசமாவே குடியேறுனாரு. அதுக்கு மேல சர்ச். 1962ல "வீ தேங்க் தீ"ன்னு ஒரு பக்திப் பாட்டு ரெக்கோட் போட்டாரு, "திஸ் வேர்ல்ட் இஸ் நொட் மை ஹோம்" அதுலதான். அது அவரோட சொந்தப் பாட்டு இல்ல, பழைய சுவிசேஷப் பாட்டு. இந்த உலகம் என் வீடு இல்ல, சும்மா கடந்து போறேன்னு அர்த்தம் வர்ற பாட்டு, காணி உறுதியும் இல்லாம, ஒரு காலத்துல பிரஜாவுரிமையும் இல்லாம லயத்து காம்பராவுல இருந்த சனத்துக்கு அது எப்படிப் போயி ஒட்டியிருக்கும்னு நான் சொல்லணுமா. தொரை வீட்டுப் பாட்டுன்னு இத ஒதுக்குறவங்க இருக்காங்க, நான் ஒத்துக்க மாட்டேன்.

கே: அண்ணே, தாத்தா எந்நேரமும் ஜிம் ரீவ்ஸ் போடுறாரு, எல்லாப் பாட்டும் ஒரே பாட்டு மாதிரி இருக்கு, தூக்கம் வருது. இத சொன்னா திட்டுறாரு.
- ஏ/எல் மாணவி, கொட்டகலை

ப: பாதி உன் பக்கம்தான் மகள். ஒரே வேகம், ஒரே மெதுவான கோரஸ், ஒரே மாதிரி அமைதி, அதுல 40 பாட்ட அடுக்கி வச்சா யாருக்கும் கண்ணு சொக்கும். குத்தம் பாட்டுக்காரர் மேல இல்ல, அடுக்குனவன் மேல. அந்தப் பாட்டுங்க ஒவ்வொன்னும் தனித்தனியா, ரெண்டு பக்கம் உள்ள சின்ன ரெக்கோடா வந்ததுங்க, ஒரு பாட்டு கேட்டா திருப்பிப் போட எந்திரிக்கணும். நீ ஒன்னு செய், தாத்தா போன்ல "பில்லி பாயு" போடு. ரோஜர் மில்லர் எழுதுன பாட்டு, குறும்பா இருக்கும். அதுக்கு அடுத்து "பிம்போ", அதுக்கு அடுத்து "ஹீல் ஹேவ் டு கோ"ல கடைசி வரியில அவர் எவ்வளவு அடிக்கு எறங்குறாருன்னு மட்டும் ஹெட்போன் போட்டு கேளு. அதுக்கு அப்புறமும் தூக்கம் வந்தா தூங்கு, தாத்தா கிட்ட நான் பேசிக்கிறேன்.

கே: ஆலயத்துல கிட்டார் வாசிக்கிறேன், ஜிம் ரீவ்ஸ் பாட்டு வாசிக்க கஷ்டமா?
- தம்பி, பொகவந்தலாவ

ப: கோர்ட்ஸ் மூனு நாலுதான், கை சுலபம். பாடுறதுதான் ஆளக் கொல்லும். அவர் சுருதியில பாடப் போனா அடி சுரம் உங்களுக்கு வெறும் காத்தாத்தான் வரும், கெப்போ (கிட்டார் கழுத்துல மாட்டுற கவ்வி) போட்டு ரெண்டு மூனு கட்டை ஏத்திக்கங்க. அப்புறம் மைக்க தள்ளி வச்சு கத்தாதீங்க, கிட்ட வச்சு மெதுவா.

கே: அப்பாவோட ஜிம் ரீவ்ஸ் கெசட்டுங்க பெட்டியோட இருக்கு, உள்ள வெள்ளையா பூத்திருக்கு. போட்டுப் பாக்கலாமா? போன்ல ஏத்த முடியுமா?
- வாசகர், நுவரெலியா

ப: போட்றாதீங்க! அது பூஞ்சை, நம்ம ஊர் பனிக்கும் ஈரத்துக்கும் கெசட் ரெக்கோட் எல்லாத்துலயும் வரும். அப்படியே பிளேயர்ல போட்டா ஹெட்ல (டேப்ப உரசி வாசிக்கிற பகுதி) ஒட்டி அடுத்த கெசட்டுக்கும் போகும். வெயில்ல காய வைக்கிறதும் வேணாம், டேப் வளைஞ்சிரும், அடுப்பு பக்கமும் வேணாம். புது சப்பாத்து பெட்டிக்குள்ள சின்னப் பொட்டலம் வருமே, சிலிக்கா ஜெல், அது நாலஞ்ச சேத்து மூடி இறுகுன டப்பாவுல கெசட்டோட சில நாள் வைங்க. ஈரம் போன பிறகு பென்சில விட்டு மெதுவா சுத்தி டேப் இளகி வருதான்னு பாருங்க, இழுத்தா நிப்பாட்டிருங்க. உள்ள டேப்ப அழுத்துற சின்ன பஞ்சுத்துண்டு விழுந்திருந்தா, ஸ்குரூ போட்ட வேற ஒரு வெறும் கெசட் கூட்டுக்குள்ள டேப்ப மாத்தணும், பொறுமையான ஆள் செஞ்சா பத்து நிமிஷ வேல. போட முந்தி ஒரு தடவ, போட்ட பிறகு ஒரு தடவ, பாமசியில விக்கிற ஐசோபுரோபைல் அல்கஹோல் பஞ்சுல நனைச்சு ஹெட்ட தொடைங்க.

ஏத்துறதுக்கு பிளேயரோட ஹெட்போன் ஓட்டையில இருந்து லெப்டொப்போட லைன் இன் ஓட்டைக்கு ஒரு வயர், ஒடாசிட்டின்னு இலவச சொப்ட்வெயார், ஓட விட்டுட்டு டீ குடிக்கப் போங்க. கடையில வாங்குனதுன்னா அதே பாட்டு இதவிட தெளிவா யூடியூப்ல கெடைக்கும், மெனக்கெட வேணாம். ஆனா அப்பா ரேடியோவுல இருந்து பதிஞ்சதா இருந்தா கட்டாயம் ஏத்துங்க, நடுவுல அறிவிப்பாளர் பேசுறத வெட்டிறாம. அப்படி ஒன்னு கெடச்சா எனக்கும் ஒரு கொப்பி அனுப்புங்க.